மீதி ஆடு எங்கே?

அத்தியாயம் 6

வால்டர் ஷீப்ஷாங்க்ஸ் சிரித்தார்.

உதட்டோரச் சிரிப்பு இல்லை. கண்ணில் நீர் வந்தது. மேஜையை இரண்டு முறை தட்டினார். கறுப்புக் காளை விடுதியில் இருந்த ஏழு விவசாயிகளும் தங்கள் பியரைப் பார்த்துக்கொண்டார்கள்.

நார்மன் சொன்ன ஜோக் இதுதான்: "ஷீப்ஷாங்க்ஸ்னா ஆட்டுக்கால். சரி, மீதி ஆடு எங்கே?"

மிஸ் கெண்டல் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார்.

"நார்மன், வண்டிய எடு."

"மேடம், பாதிதான் சாப்பிட்டிருக்கேன்."

"மீதிய கையில எடுத்துக்கோ."

பழைய மோரிஸ் கார் மலைச்சாலையில் முனகிக்கொண்டு ஏறியது. நார்மன் ஒரு கையால் ஓட்டினான். மறு கையில் பாதி கடித்த, இறைச்சி அடைத்த ரொட்டி.

"ஆறு வருஷமா உங்ககிட்ட வேலை பார்க்கறேன். என் ஜோக்குக்கு இன்னைக்குத்தான் ஒருத்தர் சிரிச்சாரு. அதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?"

"அவர் ஏன் சிரிச்சாரு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இல்ல. அதை விடு. அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு மனுஷன் பேரு ஆட்டுக்கால். இந்த ஜோக்கை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பாரு?"

நார்மன் மெல்லுவதை நிறுத்தினான்.

"தினம் ஒண்ணுன்னு வச்சாக்கூட..."

"கணக்கு வேண்டாம். முதல் தடவை கேக்கறவன்தான் அப்படிச் சிரிப்பான். அந்த ஆள் ஷீப்ஷாங்க்ஸ் இல்ல."

அவர்களைத் திங்கட்கிழமை வரவழைத்தவர் ஐவி ஷீப்ஷாங்க்ஸ். ஐம்பத்துநான்கு வயது. விதவை. ஹார்ன்டேல் பள்ளத்தாக்கின் கோடியில், கிராக் எண்ட் பண்ணையில் இருநூறு ஆடுகளும் ஒரு நாயும் வைத்திருந்தார். நிலம் மேய்ச்சல் கமிட்டிக்குச் சொந்தம். அது யாருக்குப் போகும் என்பதைச் சொல்ல இருநூற்றைம்பது வருஷத்துக் காகிதம் ஒன்று உண்டு. கிராக் எண்ட் பண்ணை ஷீப்ஷாங்க்ஸ் குடும்பத்துக்கு. பிள்ளை இல்லாமல் இறந்தால், அந்தப் பெயரில் பிறந்த நெருங்கிய உறவுக்கு. அடுத்து வரும் ஆட்டுக் கண்காட்சியன்று நண்பகலுக்குள் அப்படி யாரும் வந்து கேட்காவிட்டால் மட்டும் விதவைக்கு.

ஐவியின் கணவர் ஆல்பிரெட் மார்ச் மாதம் இறந்தார். கண்காட்சி செப்டம்பரில், வரும் சனிக்கிழமை. ஐந்து மாதம் யாரும் வரவில்லை. ஆறாவது மாதம் வால்டர் வந்தார். ஆல்பிரெட்டின் சித்தப்பா மகன். லீட்ஸில் பிறந்ததற்கான சான்றிதழ், தந்தையின் திருமணச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு. மிஸ் கெண்டல் எல்லாவற்றையும் இரண்டு நாள் சோதித்தார். ஒரு கமா கூடப் பொய் இல்லை.

"பேப்பர் நிஜம்," என்றார் இப்போது. "ஆள்தான் பொய். செத்துப்போன யாரோ ஒரு வால்டரோட பேப்பர் இவர்கிட்ட இருக்கு."

"எனக்கும் சந்தேகம் இருந்துச்சு மேடம். அவர் தேநீரைச் சுரைக்குடுக்கையில ஊத்தி, வெள்ளிக் குழாய் வச்சு உறிஞ்சுறாரு."

"பார்த்தேன்."

"இடுப்புக்குப் பின்னால முழநீளத்துக்கு ஒரு கத்தி."

"அதையும் பார்த்தேன். அதைப் பத்தியெல்லாம் பேசறது மரியாதை இல்ல, நார்மன்."

நார்மன் தலையாட்டினான். அவனும் இந்தப் பக்கத்துக்காரன்தான். இந்த மலையில் ஒருவரிடம் மழையைப் பற்றிக் கேட்கலாம். ஆட்டைப் பற்றிக் கேட்கலாம். நாயைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்கலாம். நீ யார், எங்கே வளர்ந்தாய், ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்று கேட்பது அடுத்தவன் படுக்கையறையில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். வால்டர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆளும் அதிகம் பேசுவதில்லை. "ஆமா", "இல்ல", "மழை". ஹார்ன்டேலில் அது போதும். அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மிஸ் கெண்டலுக்குத் துப்பறியும் தொழில் இரண்டாவது. முதல் தொழில் ஸ்கிப்டன் டெலிபோன் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம். மனிதர்களை முகத்தைவிடக் குரலில் நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை. ஸ்கிப்டன் தபால் நிலையத்தில் நாட்டின் எல்லா டெலிபோன் டைரக்டரிகளையும் இறக்கி வைத்துக்கொண்டார். தூசியில் நார்மன் ஒன்பது முறை தும்மினான்.

பதினொரு மணிக்குப் பட்டியல் முடிந்தது.

"டெலிபோன் வச்சிருக்கற ஷீப்ஷாங்க்ஸ் மொத்தம் பத்தொன்பது பேர்," என்றார். "பதிமூணு பேர் இந்த மலையிலிருந்து ஒரு நாள் நடை தூரத்துல. மிச்சம் ஆறு லண்டன், லிவர்பூல், அங்க இங்க."

"ஸ்மித் எத்தனை பேர்?"

"ஸ்மித்துக்குத் தனி ரூம் வேணும். இதைப் பாரு. அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒருத்தனுக்குக் கால் ரொம்ப ஒல்லி. ஊர்க்காரங்க ஆட்டுக்கால்னு கூப்பிட்டாங்க. வரி எழுத வந்தவன் அதையே எழுதிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். பேரன்களுக்குத் தொடை தூண் மாதிரி இருந்தாலும் பேரு மாறல."

"அறுநூறு வருஷத்துல ஒரு நாள் நடை தூரம்தானா? கால் நிஜமாவே ஒல்லிதான் போல."

"அந்த வாயை வச்சுக்கோ. இப்ப அதுதான் வேணும். பத்தொன்பது பேருக்கும் போன் பண்ணு. நேத்து சொன்னியே, அதைச் சொல்லு."

"எந்த... மேடம், வேண்டாம்."

"முழுசா சொல்லு. வாய்க்குள்ள முணுமுணுக்காத. நான் கேட்டுட்டிருப்பேன்."

நார்மனின் வாழ்க்கையில் அது மோசமான மூன்று மணி நேரம்.

லீட்ஸ் பல் டாக்டர் ஒருவர் கடைசி வரை கேட்டார். "இந்த வாரம் நீங்க ஆறாவது ஆள்," என்றார். "வேற பல்லு கில்லு வலிக்குதா?"

லண்டன் பெண்மணி "மீதி" என்ற சொல்லிலேயே போனை வைத்துவிட்டார்.

ஹாரோகேட் பாதிரியார் நீண்ட மூச்சு விட்டார். "பள்ளிக்கூடம், பட்டாளம், கல்லூரி, சர்ச். எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன், மகனே. சொர்க்கத்துல மட்டும்தான் பாக்கி. அங்கயும் யாராவது ரெடியா இருப்பாங்க."

ஒரு சிறுமி எடுத்தாள். முழுவதும் கேட்டாள். போனை வைக்காமல் உள்ளே கத்தினாள்: "அம்மா, ஒண்ணாம் நம்பர்!"

அம்மா வந்தாள். "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்கோம் சார். ஒண்ணிலேர்ந்து பதினாலு. புதுசு ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லன்னா அடுப்புல வேலை இருக்கு."

பத்தொன்பது அழைப்பு. பதினாறு பெருமூச்சு. மூன்று பேர் போனை வைத்துவிட்டார்கள். சிரிப்பு பூஜ்யம்.

நார்மன் டெலிபோன் கூண்டை விட்டு வெளியே வந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"மேடம், நான் வேடிக்கையானவனே இல்லையா?"

"இல்ல. ஆனா உன்னால ஒரு பண்ணை தப்பிக்கப் போகுது. டீ குடி."

சனிக்கிழமை. கண்காட்சி மைதானத்தில் முந்நூறு ஆடுகள், இரண்டு கூடாரம், லீட்ஸிலிருந்து வந்த ஒலிபெருக்கி. பத்தரை மணிக்கு ஒரு கிடா வேலியைத் தாண்டி ஓடியது. ஆறு பேர் துரத்தினார்கள். வால்டர் எழுந்து, இடுப்பிலிருந்த தோல் கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினார். முப்பதடி தூரத்தில் கிடாவின் காலில் சுருக்கு விழுந்தது.

துரத்திய ஆறு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"மழை வரும் போல," என்றார் ஒரு விவசாயி.

"வரும்," என்றார் இன்னொருவர்.

பதினொன்றரைக்குக் கமிட்டிக் கூடாரத்தில் ஐந்து பேர். தலைவர் பெர்சி டின்ஸ்டேல் மேஜைக்குப் பின்னால். அறுபது வயது. மேஜையில் பதிவேடு, பேனா, கடிகாரம். ஐவி தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகத் தூங்காத முகம். எதிரே வால்டர், கோட்டில் கண்காட்சிக்காரர்கள் குத்திய பெயர் அட்டையோடு. நார்மன் வாசலில். மிஸ் கெண்டல் நின்றுகொண்டே பேசினார்.

ஐந்து நிமிடம். வியாழக்கிழமைச் சிரிப்பு. பத்தொன்பது போன்கள். பதினாறு பெருமூச்சு.

"அந்தப் பேர்ல பிறந்த யாரும் அந்த ஜோக்குக்குச் சிரிக்கவே முடியாது, மிஸ்டர் டின்ஸ்டேல். இவர் சிரிச்சாரு. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. இந்தப் பேரோட இவர் வாழ்ந்ததே இல்ல."

டின்ஸ்டேல் தாடையைச் சொறிந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. ஐவியின் தோள்கள் ஆறு மாதத்தில் முதல்முறையாகச் சற்றே தளர்ந்தன.

"நீங்க என்ன சொல்றீங்க, மிஸ்டர் வால்டர்?"

வால்டர் யோசித்தார். பிறகு, மூன்று வாரத்தில் யாரும் கேட்டிராத அளவுக்குப் பேசினார். ஒவ்வொரு வார்த்தையையும் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பதுபோல.

"நான் அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தேன். ஆனால் இங்கே இல்லை. அர்ஜென்டினாவில். தெற்குக் கோடியில், ஆட்டுப் பண்ணையில். இரண்டு வயதில் அப்பா கூட்டிப் போனார். ஆறு வயதில் அவர் இறந்துவிட்டார். அங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. என் பெயர் அவர்களுக்கு ஒரு சத்தம். தும்மல் மாதிரி. ஆடு என்று எனக்குத் தெரியும். கால் என்று தெரியாது. ஆட்டு மலை, ஆட்டுக் கோட்டை, அப்படி ஏதோ என்று நினைத்தேன். வியாழக்கிழமை இந்தத் தம்பி சொன்னார். முதல் முறை கேட்டேன். நன்றாக இருந்தது. சிரித்தேன்."

ஸ்பானிய மொழியில் முத்திரை குத்திய பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். கீழே ஒரு புகைப்படம். ஏழு வயதில் அப்பாவின் தொப்பியோடு, ஆட்டு மந்தைக்கு நடுவே. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகும் அதே காதுகள்.

"அப்ப அந்தக் குழாய்..." என்றான் நார்மன்.

"அங்கே எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள்."

"கத்தி? கயிறு?"

"அங்கே எல்லோரும்."

"இதையெல்லாம் நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் டின்ஸ்டேல்.

"யாரும் கேட்கவில்லை."

கூடாரத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. டின்ஸ்டேல் ஒரு நாள் அவரோடு நாய்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருந்தார்.

மிஸ் கெண்டல் புகைப்படத்தை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பி வைத்தார்.

"நான் தப்பு பண்ணிட்டேன்," என்றார். "இவர் ஷீப்ஷாங்க்ஸ்தான். மன்னிக்கணும், மிஸ்டர் வால்டர். என்னை மன்னிச்சிடுங்க, ஐவி."

"நீங்க உங்க வேலையப் பார்த்தீங்க," என்றார் ஐவி. தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். "பதிவேட்டத் திறங்க பெர்சி. ஆடுங்களை எப்ப ஓட்டணும்னு சொல்லிடுங்க. அதுங்க வேற மலையில மேயாது. விக்கத்தான் வேணும்."

டின்ஸ்டேல் பேனாவை எடுத்தார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிடம்.

"ஒரு கேள்வி," என்றார் வால்டர். ஐவியைப் பார்த்தார். "வியாழக்கிழமை அந்த ஜோக்கை ஒரு முறை கேட்டேன். சிரித்தேன். நேற்று, கண்காட்சிக்கு வந்த வெளியூர்க்காரர்களிடம், நான்கு முறை. புன்னகை செய்தேன். இன்று இந்த அட்டையைக் குத்திய பிறகு பதினோரு முறை. ஐஸ்கிரீம்காரர். நடுவர். ஒலிபெருக்கிக்காரர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இது திருவிழாவுக்காகவா? எப்போது நிற்கும்?"

ஐவி அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"நிக்காது."

"ஒரு வருடம்?"

"எனக்கு முப்பத்தோரு வருஷம். பேங்க்ல. ரயில்வே கவுண்டர்ல. ஆஸ்பத்திரில, மயக்க மருந்து குடுக்கறவன், நான் மயங்கறதுக்கு முன்னாடி. ஆல்பிரெட்டுக்குப் பெட்டி செய்ய அளவு எடுத்தவன் காலுக்கு வந்தப்ப சொன்னான். சொல்லிட்டு அவனே வருத்தப்பட்டான். ஆனா சொல்லாம இருக்க முடியல அவனால."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அளவைச் சரியா எடுன்னேன்."

மிஸ் கெண்டல் கைப்பையைத் திறந்தார். நேற்றைய குறிப்புகளை வால்டர் முன் வைத்தார். பத்தொன்பது பெயர்கள். பத்தொன்பது பதில்கள். வால்டர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பல் டாக்டர். பாதிரியார். ஒரு வரியில் விரல் நின்றது.

"இந்தச் சிறுமிக்கு என்ன வயது?"

"குரலை வச்சுச் சொன்னா எட்டு," என்றார் மிஸ் கெண்டல். "ஒன்பதும் இருக்கலாம்."

"ஒன்றாம் நம்பர் என்கிறாள்."

"பதினாலு வரைக்கும் இருக்காம்."

வால்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

"என் மகள் ரோசாவுக்கு எட்டு. அம்மா இல்லை. பண்ணை கிடைத்தவுடன் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இந்தப் பெயர் என்றால் உயிர். எல்லா நோட்டிலும் எழுதுவாள். வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் இங்கிலாந்துப் பெயர். அவளை இளவரசி என்று நினைக்கிறார்கள்." குறிப்புகளைத் தட்டினார். "இங்கே பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கும்?"

டின்ஸ்டேல் தொண்டையைச் செருமினார்.

"ஆல்பிரெட்டும் நானும் ஒரே பெஞ்சு. அவனை நாங்க ஒம்பது வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. மே-ன்னுதான். நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்."

ஐவி திரும்பினார். "நீயா பெர்சி?"

"அஞ்சு வயசு, ஐவி."

"முப்பத்தோரு வருஷமா என் வீட்டுல சாப்பிட்டுட்டுப் போறே. ஒரு வார்த்தை சொல்லல."

"நீ கேக்கல."

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. சிறந்த பெட்டை ஆட்டுக்கான பரிசு. கைதட்டல். வால்டர் அது முடியும்வரை காத்திருந்தார். அவரும் ஒரு நிலத்துக்காகத்தான் எட்டாயிரம் மைல் கப்பலில் வந்திருந்தார். முப்பது வருஷம் அடுத்தவர் ஆட்டை மேய்த்த கைகள் மேஜைமேல் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் ஏழு நிமிடம் பாக்கி.

கோட்டிலிருந்த அட்டையைக் கழற்றினார். மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அங்கே நான் தோன் வால்டர். வால்டர் ஐயா. நிலம் கிடையாது. ஆனால் நான் நுழைந்தால் ஆட்கள் தொப்பியை எடுப்பார்கள். ரோசா இளவரசி. எங்கே கையெழுத்து?"

"கையெழுத்துப் போட்டா திரும்பக் கேக்க முடியாது, மிஸ்டர் வால்டர்."

"தெரியும்."

"மலையில எம்பது ஏக்கர். நல்ல புல்லு," என்றார் ஐவி. "எனக்காகப் போடாதீங்க. பின்னால வருத்தப்படுவீங்க."

"உங்களுக்காக இல்லை."

கையெழுத்துப் போட்டார். நீளமான பெயர். கடைசி எழுத்துவரை அழகாக, அவசரமில்லாமல் எழுதினார். டின்ஸ்டேல் மை ஒற்றினார். மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. அந்த மூன்று நிமிடமும் அவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். சட்டம் சட்டம்தான். பன்னிரண்டு அடித்ததும் பதிவேட்டில் ஐவியின் பெயர் ஏறியது.

நார்மன் மூக்கை உறிஞ்சினான். தூசி என்றான்.

வால்டர் எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"மிசஸ் ஷீப்ஷாங்க்ஸ். நீங்கள் பிறந்தது வேறு பெயரில். உங்கள் கணவரும் இல்லை. பழைய பெயருக்கே போயிருக்கலாம். இங்கே அதற்குத் தடை இல்லை என்கிறார்கள். பெட்டிக்காரன் பேசிய அன்றே போயிருக்கலாம். ஏன் போகவில்லை?"

இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. டின்ஸ்டேல் கூடாரத்தின் கூரையை ஆராய்ந்தார். நார்மன் தன் காலணிகளைப் பார்த்தான். மிஸ் கெண்டல் மட்டும் ஐவியைப் பார்த்தார்.

ஐவி தொப்பியைத் தலையில் வைத்தார். கோலை எடுத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஸ்மித். ஐவி ஸ்மித். ஸ்கூல்ல எங்க வகுப்புலயே ரெண்டு பேர். ஒரே கடையில பதினோரு வருஷம் ரொட்டி வாங்கினேன். ஒரு தடவைகூட அந்தக் கடைக்காரனுக்கு என் பேர் ஞாபகம் வந்ததில்ல."

கூடாரத்தின் துணியை விலக்கினார். வெளியே நாய் எழுந்து நின்றது.